முதலாந்தாள்

அத்தியாயம் பதினொன்று

மேரிறோஸ் நேற்று மாலை படிப்பை நிறுத்தும்போது சொன்னது ஒரே ஒரு வசனம்.

"நான் படிச்சு முடிச்சிட்டன், ஆசையம்மா."

சொல்லிவிட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விடிந்தால் கணிதச் சோதினை. வகுப்பிலே கணக்கில் முதலாவதாக நிற்கிற பிள்ளை இப்படி நேரத்தோடு படுத்தது ஞானசவுந்தரி ரீச்சருக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் கேட்கவில்லை. களைப்பாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லாம்பைத் தணித்தாள்.

இன்று காலை பஸ்ஸிலும் மேரிறோஸ் வாய் திறக்கவில்லை.

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். மேரிறோஸ், ஞானசவுந்தரியின் தமக்கை அன்னமுத்துவின் மகள். காய்ச்சலில் அன்னமுத்து கண்மூடியபோது பிள்ளைக்கு நாலு வயது. தகப்பன் கிறிஸ்தோப்பர் கடலுக்குப் போகிறவர். கொஞ்சக் காலம் தனியே இருந்து பார்த்தார். பிறகு மண்டைதீவில் கிறேசம்மாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். பிள்ளை புளியங்கூடலில் தாயின் தங்கையோடு, அவள் ஆசையம்மா என்று கூப்பிடுகிற ஞானசவுந்தரியோடு, நின்றுவிட்டது. பெருநாளுக்குப் பெருநாள் கிறிஸ்தோப்பர் மீனும் கையுமாக வருவார். விறாந்தைக் கதிரையின் விளிம்பில் இருப்பார். தேத்தண்ணி ஆறமுன்னம் எழும்பிவிடுவார். போன மாதம், இறந்தோர் திருநாளுக்கு, மேரிறோஸ் முதல் தடவையாகத் தகப்பன் வீட்டில் போய் ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தாள். வந்த நாளிலிருந்து அவளுடைய பேச்சுக் குறைந்துபோயிற்று.

அதோடு சேர்ந்து வந்தது இந்தப் புதுச்சோதினை. பழைய சோதினை என்றால், கலைப்பாடம் எடுத்த பிள்ளைகள் கணக்கைத் தொடாமலே கரை சேர்ந்துவிடலாம். இனிமேல் அது நடக்காது என்று கொழும்பு சொல்லிவிட்டது. இலங்கை முழுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடங்கள், ஒரே தாள். கணிதமும் விஞ்ஞானமும் கட்டாயம். திறமைச் சித்தி, சாதாரண சித்தி என்ற பழைய பேச்சுகளும் போய், ஏ, பி, சி என்று எழுத்துகள் வந்துவிட்டன. கணிதத்தில் எழுத்துச் சரியில்லை என்றால் மேல் வகுப்பை மறந்துவிட வேண்டியதுதான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடம் குறையும்படி பல்கலைக்கழகப் புள்ளிகளைத் தரப்படுத்தத் தொடங்கிய நாளிலிருந்தே தீவுச் சனங்கள் கொழும்பிலிருந்து வருகிற எந்தப் புதினச் செய்தியையும் ஓரக்கண்ணால்தான் பார்த்தார்கள். கடற்றொழிலும் இனி ஒரு பாடம் என்று கேள்விப்பட்டபோது, "வலை பின்னுறதுக்கும் சோதினையாம், கேட்டியளோ?" என்று கரையில் நின்று சிரித்தார்கள்.

ஞானசவுந்தரி படிப்பித்த சின்னப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அங்கே கணிதம் படிப்பிக்க ஆளே இல்லை. அதிபர் கனகசபை, தமிழும் சமயமும் படிப்பித்துக்கொண்டிருந்த அவளைக் கூப்பிட்டு, "வேறை ஒருத்தரும் இல்லை, ரீச்சர். நீங்கள்தான் எடுக்கவேணும்" என்றார். முப்பத்தைந்து வயது தாண்டிய பிறகு அவள் மறுபடியும் மாணவி ஆனாள். லீவுக்கு லீவு யாழ்ப்பாணம் போய், தன்னிலும் இளைய பட்டதாரிகளுக்கு நடுவே முன்வாங்கில் இருந்து, ஒன்றையொன்று வெட்டுகிற வட்டங்களாகக் கீறிப் போடுகிற அந்தப் புதுக்கணிதத்தைப் படித்தாள். படித்ததை முதலில் மேரிறோஸுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்ப்பாள், சோறு போட்டுக்கொடுக்கும்போதும், தலை இழுத்துப் பின்னிவிடும்போதும். பிள்ளைக்கு விளங்கினால் அடுத்த நாள் வகுப்புக்கும் விளங்கும். இரண்டு வருஷம் அந்த வீட்டில் நடந்த பேச்சு முழுக்க அதுதான்.

ஊர்காவற்றுறையில் சோதினை மண்டபத்து வாசலில் இறங்கும்போது மழை துமித்துக்கொண்டிருந்தது. வாடைக்காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஞானசவுந்தரி தன் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளாளுக்குப் பேனை இருக்கிறதா, அடிமட்டம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஜசிந்தா என்ற மெல்லிய பிள்ளை பயத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது.

"முதல்லை தெரிஞ்ச கணக்கைச் செய், பிள்ளை. தெரியாததைப் பாத்துக்கொண்டு இருந்திடாதை."

"ஓம், ரீச்சர்."

மேரிறோஸ் கடைசியாக நின்றாள். ஞானசவுந்தரி அவளுடைய பின்னலைச் சரிபண்ணக் கை நீட்டினாள். பிள்ளை ஒரு அடி பின்னுக்குப் போனதா, அல்லது காற்றுக்குத்தான் அசைந்ததா என்று தெரியவில்லை.

"போயிட்டு வா, மோள்."

மேரிறோஸ் தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே போனாள்.

பிள்ளைகளைப் படிப்பித்த ஆசிரியருக்கு மண்டபத்துக்குள் வேலை இல்லை. ஞானசவுந்தரி எதிர்த்தாற்போலிருந்த கோயில் விறாந்தையில் போய் இருந்தாள். உள்ளே கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்கு இரண்டு பேர் தடி நட்டுக்கொண்டிருந்தார்கள். செபமாலையை எடுத்தாள், உருட்டினாள், மனம் ஓடவில்லை. இந்தப் பிள்ளைகள்தான் புதுச்சோதினைக்குப் போகிற முதல் பிள்ளைகள். பழைய வினாத்தாள் என்று பார்க்க ஒன்றும் இல்லை. என்ன வரும் என்று கேட்டுக்கொள்ள ஒருவரும் இல்லை. இரண்டு வருஷமாக அவள் இருட்டில் கைதடவிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். அதைச் சொல்லியழ ஒரு மனிதர் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அன்றைக்கு ஏனோ தோன்றியது.

மண்டபத்துக் கதவு திறந்தது. மேற்பார்வையாளர் விநாயகமூர்த்தி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், குடை இல்லாமலே தெருவைக் கடந்து வந்தார்.

"ரீச்சர், மேரிறோஸ் எண்ட பிள்ளை உங்கட பள்ளிக்கூடந்தானே?"

"ஓம். என்ரை பிள்ளை."

அவர் தோளில் விழுந்த மழைத்துளிகளைத் தட்டிவிட்டார்.

"எழும்பிப் போட்டா, ரீச்சர். வெளியிலை விடக்கூடிய நேரம் வருமட்டும் சும்மா இருந்தவ. அந்த நேரம் வந்த உடனை தாளைத் தந்திட்டுப் பின்வாசலாலை போட்டா."

"சுகமில்லையோ?"

"கேட்டனான். 'சுகமாத்தான் இருக்கிறன், சேர்' எண்டு சொன்னவ. விடைத்தாளிலை சுட்டெண் மட்டும் எழுதியிருக்கு. வேறை ஒரு கோடு கிடையாது."

ஞானசவுந்தரி எழுந்து நின்றுவிட்டாள். செபமாலை கையில் சுற்றியபடி இருந்தது.

"நான் இப்ப கூட்டிக்கொண்டு வந்தா, சேர்... மிச்ச நேரத்துக்கெண்டாலும்..."

"ஏலாது, ரீச்சர். மண்டபத்தை விட்டு வெளிக்கிட்டா முடிஞ்சுது. எனக்கும் மனவருத்தந்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். "நாளைக்கு இரண்டாந்தாள் இருக்கு. ரெண்டையும் சேத்துத்தான் எழுத்துப் போடுவினம். அதை நல்லாச் செய்தா இன்னும் வழியிருக்கு. எப்பிடியாவது நாளைக்குக் கொண்டுவந்து இருத்திவிடுங்கோ."

அவர் திரும்பி ஓடிப்போனார்.

பின்வாசலால் போனால் பஸ் நிலையம். ஞானசவுந்தரி அங்கே போய்ச் சேர்ந்தபோது யாழ்ப்பாண பஸ் போயிருந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர், வெள்ளைச் சட்டைப் பிள்ளை ஒன்று ஏறியதைக் கண்டதாகச் சொன்னார். எங்கே இறங்கப்போகிறாள் என்று ஞானசவுந்தரிக்குக் கேட்கத் தேவையில்லை.

அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஆனால் உள்ளே அவளை நம்பி வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியில் வரும்போது ரீச்சரைத் தேடுவார்கள். மழையில் தனியே விட்டுவிட்டுப் போனால் தாய்தகப்பன் என்ன நினைப்பார்கள்? அவள் திரும்பி வந்து அதே விறாந்தையில், அதே இடத்தில் இருந்தாள். குடிலுக்குத் தடி நட்டவர்கள் வேலை முடிந்து போய்விட்டார்கள். சோதினை முடிகிற மணி அடிக்கும்வரையும் அவளோடு பேச அந்தத் தெருவில் மழை மட்டுந்தான் இருந்தது.

மணி அடித்ததும் பிள்ளைகள் கொட்டுண்டு வந்தார்கள். ஜசிந்தா எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ரீச்சர்! நீங்கள் சொன்ன கணக்கு வந்தது! அந்த வட்டக் கணக்கு! வள்ளம் வச்சிருக்கிற குடும்பம், வலை வச்சிருக்கிற குடும்பம்..."

"ரெண்டும் இல்லாத குடும்பம் எத்தினை எண்டு கேட்டிருந்தது, ரீச்சர்," என்றாள் இன்னொருத்தி. "நான் வட்டத்துக்கு வெளியிலை போட்டனான். சரிதானே?"

"சரி, பிள்ளை. சரிதான்."

எல்லாரும் சுற்றி நின்று ஒரே நேரத்தில் கதைத்தார்கள். வினாத்தாளை அவளுடைய கையில் திணித்தார்கள். அவள் பார்த்தாள். ஒவ்வொரு கணக்கும் அவளுக்குத் தெரிந்த கணக்கு. முழுவதையும் மேரிறோஸ் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பாள். ஞானசவுந்தரி இரண்டு வருஷமாக இந்த நிமிஷத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இப்படிச் சிரித்துக்கொண்டு வரவேண்டும் என்று எத்தனை தரம் மன்றாடியிருப்பாள். இப்போது சிரிக்கவேண்டியிருந்தது. சிரித்தாள்.

"மேரிறோஸ் எங்கை, ரீச்சர்?" ஜசிந்தாதான் கேட்டாள். "இடையிலை எழும்பிப் போனவ."

"வயித்துக்குள்ளை சரியில்லையாம். தேப்பன் வீட்டை போட்டா."

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். புளியங்கூடலில் அவர்கள் இறங்கினார்கள். "பின்னேரம் வகுப்பு இருக்கோ, ரீச்சர்?" என்று கீழே நின்று கேட்டார்கள். "வாங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் இறங்காமல் இருந்தாள். தன் வீட்டுப் படலையை பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு போனாள். வேலணை கழிந்து, அல்லைப்பிட்டி கழிந்து, இரண்டு பக்கமும் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

மண்டைதீவுச் சந்தியில் இறங்கி உள்ளே நடந்தாள். சேலைக்கரை சேறாகியது. ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஒரு பெண்பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. தொண்டையைத் திறந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிற சிரிப்பு. யாரோ அயல் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டே கிறிஸ்தோப்பரின் வேலியடிக்கு வந்தாள்.

சிரித்தது மேரிறோஸ்.

வெள்ளைச் சட்டையை மாற்றிவிட்டு, கிறேசம்மாவின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் இருந்தாள். மடியில் கடைக்குட்டி. இன்னும் இரண்டு பேர் அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவன் எதையோ நடித்துக் காட்டினான். உள்ளே மரவள்ளிக்கிழங்கு அவிகிற மணம். கிறேசம்மா அடுப்படியிலிருந்து எதற்கோ ஏசினாள். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

பதினொரு வருஷத்தில் அந்தச் சிரிப்பைத் தான் கேட்டதில்லை என்பது ஞானசவுந்தரிக்கு அப்போதுதான் பிடிபட்டது. படலையில் கை வைத்தபடி நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பிள்ளைகள்தான் முதலில் கண்டார்கள். "ரீச்சர் வந்திருக்கிறா!"

சிரிப்பு நின்றுபோயிற்று.

கிறேசம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "வாங்கோ, அக்கா, நனைஞ்சு போனியள். உள்ளுக்கு வாங்கோ." வலைக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்த கிறிஸ்தோப்பர் எழும்பினார். சாரத்தை இறக்கிவிட்டார். மைத்துனியின் முகத்தைப் பார்க்காமல் வலையைப் பார்த்தார்.

"வாரும், ஞானம். பிள்ளை... சோதினை கெதியாய் முடிஞ்சுது எண்டு சொன்னவள்."

"முடியேல்லை, அத்தான். எழுதாமல் எழும்பி வந்திட்டாள். வெறுந்தாள் குடுத்திட்டு வந்திருக்கிறாள்."

கிறிஸ்தோப்பர் மகளைப் பார்த்தார். மேரிறோஸ் கடைக்குட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எழும்பினாள். பயந்தவள் போலத் தெரியவில்லை.

"ஏன் மோள்?" ஞானசவுந்தரியின் குரல் தாழ்ந்திருந்தது. "கணக்குத் தெரியேல்லையோ?"

"எல்லாம் தெரிஞ்ச கணக்கு, ஆசையம்மா."

"பிறகு?"

"அதுதான் பயந்தனான். எழுதினா 'ஏ' வரும். 'ஏ' வந்தா யாழ்ப்பாணத்துக்கு விடுதிக்கு அனுப்புவியள். கன்னியர் மடத்து மதர் சுப்பீரியரோடை கதைச்சும் வச்சிட்டியள். பிறகு பல்கலைக்கழகத்துக்குப் பேராதனை, கொழும்பு எண்டு சொல்லுவியள்." அவள் கடைக்குட்டியை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "நான் எப்ப ஒரு வீட்டிலை இருக்கிறது?"

"இவ்வளவு நாளும் நீ இருந்தது வீடில்லையோ?"

"அது பள்ளிக்கூடம், ஆசையம்மா."

குசினிக்குள் கிழங்குப் பானை கொதித்துத் தளும்பியது. ஒருவரும் போய் மூடியைத் திறக்கவில்லை.

"காலமை எழும்பினாக் கணக்கு. சாப்பிடேக்கை கணக்கு. நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டுறதுக்கு இருக்கிற ஆள். ஒருநாளாவது ஒரு பகிடி சொல்லிச் சிரிச்சிருக்கிறமோ? உங்களுக்கு ஒருத்தரும் வாறேல்லை. எனக்கும் ஒருத்தரும் வாறேல்லை. இஞ்சை வந்தாப் பிறகுதான் எனக்குத் தெரியும், வீடெண்டாச் சத்தம் இருக்கும் எண்டு."

"மேரிறோஸ்!" என்றார் கிறிஸ்தோப்பர்.

"என்ன ஐயா? எனக்காகத்தான் ஆசையம்மா கலியாணம் கட்டேல்லை எண்டு ஊர் முழுக்கச் சொல்லுதுகள். என்னைக் காணுற நேரமெல்லாம் சொல்லுதுகள். நான் கேட்டனானோ?"

உண்மைதான். பிள்ளைக்கு ஏழு வயதாயிருந்தபோது ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டு வரலாந்தானே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். ஞானசவுந்தரி மாட்டேன் என்றாள். அதைப் பற்றி ஒருநாளும் பிள்ளையிடம் வாய் திறந்ததில்லை. திறக்காமல் விட்டால் பாரம் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

"நீ கேக்கேல்லை, பிள்ளை," என்றாள். "நீ ஒண்டும் கேக்கேல்லை."

கண்ணில் வந்ததை மழைத்தண்ணீரோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். மேரிறோஸ் அதைக் கண்டுவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குட்டியின் தலையில் கன்னத்தை வைத்தாள்.

அந்த நேரம் கிறேசம்மாதான் நடுவில் வந்து நின்றாள்.

"சரி, எல்லாரும் கதைச்சாச்சு. இனி நான் சொல்லுறன். இஞ்சை பார், மேரிறோஸ். இருக்கப்போறியோ, இரு. நாலோடை அஞ்சு, எனக்குப் பாரமில்லை. ஆனா சோதினையை விட்டிட்டு வந்த பிள்ளையை நான் வச்சிருக்கமாட்டன். நாளைக்கு ஊர் ஆரைச் சொல்லும்? மாற்றாந்தாய் தன்ரை பிள்ளையளைப் பாக்கிறதுக்கு இவளின்ரை படிப்பைக் குழப்பிப்போட்டாள் எண்டு என்னைத்தான் சொல்லும். எனக்கு அந்தப் பேர் வேண்டாம். நாளைக்குப் போய் மிச்சத்தை எழுது."

மேரிறோஸ் கடைக்குட்டியின் சட்டையை இழுத்துச் சரிபண்ணினாள்.

"எழுதுவியோ, மாட்டியோ?"

"எழுதினா இஞ்சை இருக்கலாமோ, அம்மா?"

அம்மா என்ற சொல் சும்மா, வழக்கம்போல வந்து விழுந்தது. சொன்னவளுக்கும் கேட்டவளுக்கும் அதில் புதினம் ஒன்றும் இல்லை. போன மாதத்திலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறாள் போலும். ஞானசவுந்தரி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதைக் கொப்பரும் ஆசையம்மாவும் சொல்லவேணும்," என்றாள் கிறேசம்மா.

மேரிறோஸ் நேரே ஆசையம்மாவைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணுக்குக் கண் பார்த்தாள்.

"நான் எழுதுறன், ஆசையம்மா. நாளைக்கும் எழுதுறன், மற்றப் பாடங்களும் எழுதுறன். ஆனா இஞ்சையிருந்து போய் எழுதுறன்."

ஞானசவுந்தரி நனைந்த சேலைக்கரையைப் பிழிந்துவிட்டாள். இரண்டாந்தாள் என்றார் விநாயகமூர்த்தி. எப்படியாவது கொண்டுவந்து இருத்திவிடுங்கோ என்றார். அதற்கு விலை இதுவென்றால்?

"முதல் பஸ்ஸுக்கு வெளிக்கிடவேணும்," என்றாள். "பிந்தினா உள்ளுக்கு விடமாட்டினம். அடிமட்டமும் பேனையும் வச்சிருக்கிறாய்தானே?"

"ஓம்."

"உன்ரை உடுப்புகளை நாளைக்கு மண்டபத்துக்குக் கொண்டு வாறன்."

கிறேசம்மா கிழங்கும் சம்பலும் தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். ஞானசவுந்தரி மரியாதைக்கு ஒரு துண்டு தின்றாள். பிள்ளைகள் மறுபடியும் மெல்லமெல்லச் சத்தம் போடத் தொடங்கினார்கள். மேரிறோஸ் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டாள்.

சந்திவரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட கிறிஸ்தோப்பர் கூட வந்தார். மழை விட்டிருந்தது. உப்புத்தரவை வெளியில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்றன.

"ஞானம், உமக்கு ஒரு விஷயம் சொல்லவேணும்."

"சொல்லுங்கோ, அத்தான்."

"பங்குனியோடை நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம் மீன்வாடிக்குப் போறம். குடும்பத்தோடை. வழக்கமா நான் மட்டும் போய் மாரிக்குத் திரும்பி வாறனான். இந்த முறை அப்பிடியில்லை. கிறேசம்மாவின்ரை தமையன் அங்கை ஒரு துண்டுக் காணி பிடிச்சுத் தந்திருக்கிறார். இனி அங்கைதான்."

ஞானசவுந்தரி நின்றுவிட்டாள். "அப்ப மேரிறோஸ்?"

"கிறேசம்மா கூட்டிக்கொண்டு போகத்தான் நிப்பாள். அவளுக்கும் ஒரு கை உதவி. எனக்குத்தான் மனமில்லை." அவர் கடலைப் பார்த்துப் பேசினார். "வாடியெண்டா என்னெண்டு உமக்குத் தெரியாது. நாலு கிடுகும் மணலும். சுத்திவரத் தெரியாத ஆம்பிளையள். அங்கை கொண்டுபோய் ஒரு குமர்ப்பிள்ளையை என்னெண்டு வச்சிருக்கிறது? படிப்பும் போம். கருவாடு காயப்போடுறதுதான் அவளுக்கு விதி எண்டு போம். அன்னமுத்து இருந்தா விடுவாளோ? இல்லை, ஞானம். அவள் உம்மோடைதான் இருக்கவேணும்."

"அவளுக்கு இது தெரியுமோ?"

"தெரியாது."

"எப்ப சொல்லப்போறியள்?"

கிறிஸ்தோப்பர் தலையைச் சொறிந்தார். கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாத மனிதர், மைத்துனிக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார்.

"என்னாலை ஏலாது. அவள் சிரிக்கிறதைப் பாத்தனீர்தானே? நான் என்னெண்டு சொல்லுறது? சோதினை முடிய நீர் சொல்லும். நீர் சொன்னாக் கேப்பாள்."

"நான் சொன்னா, நான்தான் பிரிச்சனான் எண்டு நினைப்பாள், அத்தான்."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அவர் கையைக் காட்டி மறித்தார். "அப்ப பிறகு காணுவம்" என்றார். பஸ் வெளிக்கிடமுன்னமே ஒழுங்கைப் பக்கம் திரும்பி நடந்துவிட்டார். வேகமாகத்தான் நடந்தார்.

யன்னலோரம் இருந்தபோது ஞானசவுந்தரிக்கு ஒரு எண்ணம் வந்தது. அதற்காக அவள் பிறகு வெட்கப்பட்டாள். இப்போதே இறங்கித் திரும்பி ஓடிப்போய், "கொப்பர் உன்னை விட்டிட்டுப் போகப்போறார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளை இன்றைக்கே அழுதுகொண்டு கூட வந்துவிடும். புளியங்கூடல் வீட்டில் இன்றைக்கும் இரண்டு பேர் இருப்பார்கள்.

ஆனால் நாளைக்குக் கணிதம் இரண்டாந்தாள். நாளை மறுநாள் விஞ்ஞானம். அதன் பிறகும் பாடங்கள் வரிசையில் நிற்கின்றன. நெஞ்சு உடைந்த பிள்ளை என்னத்தை எழுதும்? எழுதி முடிக்கட்டும். அதுவரைக்குமாவது அந்த வீட்டில் இருந்து சிரிக்கட்டும்.

அவள் இறங்கவில்லை.

வீட்டுப் படலையைத் திறந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே போய் யன்னல்களைத் திறந்துவிட்டாள். ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை சொன்னது சரிதான். இருவரும் இருந்த நாளிலும் இப்படித்தான் இருந்திருக்கும். தான்தான் கவனிக்காமல் கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். மேரிறோஸின் உடுப்புகளை அலுமாரியிலிருந்து எடுத்து மடித்து ஒரு பையில் வைத்தாள். கிறிஸ்மஸுக்கென்று தைப்பித்து ஒளித்துவைத்திருந்த மஞ்சள் சட்டையை வைப்பதா விடுவதா என்று யோசித்துவிட்டு, அதையும் வைத்தாள்.

வெளியே படலை கிறீச்சிட்டது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வழக்கம்போல விறாந்தையில் பாயை விரித்து வட்டமாக இருந்தார்கள். ஜசிந்தா லாம்பை நடுவில் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் மேரிறோஸ் இருக்கிற இடத்தை எல்லாரும் பழக்கத்தில் விட்டுவிட்டிருந்தார்கள்.

"மேரிறோஸ் இன்னும் வரேல்லையோ, ரீச்சர்?"

"தேப்பன் வீட்டிலை நிக்கிறா. நாளைக்கு அங்கையிருந்து சோதினைக்கு வருவா."

"வயித்துக்குத்து மாறிட்டுதோ?"

"ஓம், மாறிட்டுது."

பிள்ளைகள் கொப்பிகளைத் திறந்தார்கள். ஞானசவுந்தரி கரும்பலகையில் அன்றைய கணக்கை எழுதத் தொடங்கினாள். பின்னால் ஜசிந்தா மறுபடியும் கேட்டாள்.

"சோதினை முடிய இஞ்சை திரும்பி வந்திடுவா என்ன, ரீச்சர்?"

சோக்கட்டி பலகையில் நின்றது. வருவாள். எப்படி வருவாள், எந்த முகத்தோடு வருவாள், தன்னை யாரென்று நினைத்துக்கொண்டு வருவாள் என்பதெல்லாம் ஞானசவுந்தரிக்கு இப்போதே தெரியும். இந்தத் தீவுகளில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் வேகமாக நடந்து போய்விட்டார்.

"கணக்கைப் பாருங்கோ, பிள்ளையள்," என்றாள்.